அதிகம் கவனிக்கப்படாத எலக்ட்ரானிக் நடன இசையில் எதைக் கேட்கலாம்?

“மூன்று வருடமாக எலக்ட்ரானிக் நடன இசை கேட்கிறேன். எந்தச் செயலியைத் திறந்தாலும் அதே இருபது பெயர்கள்தான் வந்து நிற்கின்றன. புதிதாக, யாரும் கண்டுகொள்ளாத பாட்டுகளாகப் பத்துச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே போகிறபோக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: “இதற்கு முன்பும் இப்படிப் பட்டியல் வாங்கிக் கேட்டுப் பார்த்தேன், எதுவும் மனதில் ஒட்டவில்லை.” உங்கள் உண்மையான கேள்வி அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பத்துப் பெயர் சொல்வது பெரிய காரியம் இல்லை. நல்ல பாட்டு கைக்கு வந்த பிறகும் ஏன் ஒட்டாமல் போகிறது என்று பார்க்காமல் நானும் ஒரு பட்டியலை நீட்டினால், அதற்கும் பழைய பட்டியல்களின் கதிதான்.

நடன இசை ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கூட்டம், தனக்கே உரிய ஒரு விதத்தில் காலை எடுத்து வைப்பதற்காகச் செய்யப்படுவது. அந்த ஊரும் ஆட்டமும் தெரிந்தால் பாட்டு திறந்துகொள்கிறது. தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிற சத்தம்போல இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றும் யாருடைய ஆட்டத்துக்காகச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். சென்னையில் ஒலி அமைப்புத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். கல்யாண மண்டபம், கல்லூரி விழா, அம்மன் கோயில் திருவிழா, ஹோட்டல் மொட்டை மாடி என்று எல்லா இடத்திலும் ஸ்பீக்கர் அடுக்கியிருக்கிறேன். அவ்வப்போது நானே டிஜேயாகவும் நின்றிருக்கிறேன். ஆனால் டர்பனிலோ டெட்ராய்ட்டிலோ நான் ஆடியதில்லை. அந்த ஊர்களைப் பற்றி நான் சொல்வதெல்லாம் இசைத்தட்டுகளும் அந்தக் கலைஞர்களின் பேட்டிகளும் கற்றுக்கொடுத்தவை. ருசியிலும் எனக்குச் சாய்வு உண்டு. குரலைவிட டிரம் எனக்கு முக்கியம். நீங்கள் குரலைத் தேடிப் போகிறவர் என்றால் என் பேச்சில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சந்தேகம். ஒட்டவில்லை என்று ஒதுக்கிய பாட்டுகளை எதில் கேட்டீர்கள்? கைபேசியின் ஸ்பீக்கரிலா? இந்த இசையின் உயிர் பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும். நகத்தளவு ஸ்பீக்கர் அந்தப் பகுதியை எட்டவே எட்டாது. மிருதங்கத்தில் வலந்தலையை மட்டும் கேட்டுவிட்டுத் தொப்பியை விட்டுவிட்டது போலத்தான். சினிமாப் பாட்டை ஆட்டோ ஸ்பீக்கரிலும் கேட்கும்படி கலந்து கொடுப்பார்கள். இந்த இசையைச் செய்கிறவர்கள் பலர் அந்தக் கவலையே படுவதில்லை. ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பி வைத்த இயர்போன் போதும், பாதிப் பாட்டு திரும்பி வந்துவிடும். இன்னொன்று, ஏழு நிமிடப் பாட்டில் முதல் ஒன்றரை நிமிடம் வெறும் டிரம் மட்டும் போனால் அலுத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய பாட்டின் மேல் இதை ஏற்றி வைப்பதற்காக டிஜேக்கு விட்டிருக்கும் இடம் அது. வீட்டில் கேட்கும்போது அதைத் தாண்டிப் போனாலும் குற்றமில்லை.

இனி பாட்டுகள். நம் நாட்டிலிருந்தே தொடங்குகிறேன். பம்பாயில் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982இல் எச்எம்வியில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 என்ற பெட்டி தாளத்தைப் பார்த்துக்கொள்ள, டிபி-303 என்ற பெட்டி பேஸை, அதாவது அடித்தொனியை, உருட்ட, மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் ஜூபிட்டர்-8 சிந்தசைசரில் அவர் ராகம் வாசிக்கிறார். தபலா இல்லை, தம்புரா இல்லை. தட்டு விற்கவில்லை. எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் 2002இல் டில்லியில் அதை ஒரு கடையில் கண்டெடுத்து, 2010இல் தன்னுடைய பாம்பே கனெக்‌ஷன் லேபிளில், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தில், மறுவெளியீடு செய்தார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். காரணம், 1987இல் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டபோது உலகம் புதிது என்று கொண்டாடிய அதே நெளிகிற 303 ஒலி, ஐந்து வருடம் முன்பே இங்கே யமனிலும் மால்கௌன்ஸிலும் நெளிந்துகொண்டிருந்தது.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கர்நாடக இசை கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு இந்தத் தட்டு அந்நியமாகவே இருக்காது. யமன் நம் கல்யாணி. பூபாலி மோகனம். மால்கௌன்ஸ் ஹிந்தோளம். கலாவதி வலஜி. இந்துஸ்தானித் தோடி நம்முடைய தோடி இல்லை, சுபபந்துவராளிக்குப் பக்கம். 303இல் ‘ஸ்லைடு’ என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படி ஏறாமல் வழுக்கிக்கொண்டு போகும். கிடார்க்காரர்கள் வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும்போது துணைக்குப் பேஸ் வாசிக்கட்டும் என்று செய்த பெட்டி அது. பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கவே இல்லை என்பதால் 1984இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். கிடார்க்காரர்களுக்கு உதவாத அந்த வழுக்கல், கர்நாடகத்தில் ஜாரு, இந்துஸ்தானியில் மீண்ட் என்று சொல்லும் வழுக்கலைக் கேட்டு வளர்ந்த ஒருவர் கையில் கிடைத்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு இந்தத் தட்டே சாட்சி. ‘ராக பைரவ்’ பாட்டில் இருந்து தொடங்குங்கள். பைரவ் நம் மாயாமாளவகௌளைதான், அது தெரிந்த காது இரண்டாவது நிமிடத்திலேயே சிரித்துவிடும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். “ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்” என்று பெருமையாகப் பகிர்கிறார்கள். சிகாகோவில் பிறந்த ஹவுஸ் என்ற நடன இசையில், ‘ஆசிட் டிராக்ஸ்’ தொடங்கிவைத்த கிளைக்குத்தான் அந்தப் பெயர். தட்டு வெளியான வருடமும் அதில் ஒலிக்கும் கருவிகளும் உறுதியானவை. சிகாகோக்காரர்கள் இதைக் கேட்டார்கள் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. அவர்கள் பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைத்த அதே பெட்டியின் குமிழ்களைத் திருகித் திருகித் தாங்களாகவே அந்த ஒலிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் திருகல்தான் ஆசிட். சிங் குமிழை அவ்வளவாகத் திருகுவதில்லை, அவர் கவனம் ராகத்தில் இருக்கிறது. ஆக, ஒரே பெட்டி, இரண்டு ஊர், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு வேலை. அதுவே போதுமான அதிசயம் என்பது என் எண்ணம். சிங் 2015இல் காலமானார். அதற்கு முன் சில வருடங்கள் வெளிநாட்டு மேடைகளில் இதையே வாசித்துக் காட்டும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

இதைவிடப் பழையதும், இதைவிடக் குறைவாகக் கேட்கப்பட்டதுமான ஒன்று அகமதாபாத்தில் இருக்கிறது. அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்ஐடி) 1969இல் ஒரு மூக் சிந்தசைசரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். சில வருடங்களில் அந்த ஒலிக்கூடம் அடங்கிப்போனது, நாடாக்கள் மட்டும் அலமாரியில் கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 1969 முதல் 1972 வரையிலான பதிவுகளை 2023இல் ‘என்ஐடி டேப்ஸ்’ என்று வெளிக்கொண்டு வந்தார். அதில் எஸ்.சி. சர்மா செய்தவற்றுக்கு ‘டான்ஸ் மியூசிக்’ என்றே தலைப்பு. ஆடச் சொன்னால் நீங்கள் ஆடமாட்டீர்கள், நானும் ஆடமாட்டேன். ஆனாலும் இயந்திரத் தாளத்தில் ஓடும் நடன இசைக்கு டெக்னோ என்ற சொல் பிறக்கும் முன்பு, ஓர் இந்தியக் கல்வி நிறுவனத்தின் அறையில் இயந்திரத்தைத் தாளம் போட வைத்திருக்கிறார்கள் என்பது காதில் விழும்போது முதுகு நிமிர்கிறது.

ஜப்பானுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம். சோய்ச்சி தெராதா 1989இல் நாமி ஷிமாதா என்ற பாடகிக்காகச் செய்த ‘சன் ஷவர்’ பாட்டை, நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் டிஜேயாக இருந்து பெயர்பெற்ற லாரி லெவன் பிறகு ரீமிக்ஸ் செய்தார். குரல் வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பதிலில் நான் தரக்கூடிய அதிகபட்சம் இதுதான். தெராதாவின் பழைய ஹவுஸ் பாட்டுகளை 2015இல் ஆம்ஸ்டர்டாமின் ரஷ் ஹவர் கடை ‘சவுண்ட்ஸ் ஃப்ரம் தி ஃபார் ஈஸ்ட்’ என்று தொகுத்தது. மழை நாளில் ஜன்னலோரம் கேட்க ஏற்றது. இதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவைப்படாத இசை.

டெக்னோ பிறந்த ஊரான டெட்ராய்ட்டில் நீங்கள் பெரிய பெயர்களை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ட்ரெக்ஸியாவைக் கேட்டீர்களா என்று தெரியவில்லை. ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்ட் டொனால்ட் என்ற இருவர், பல காலம் பெயரோ முகமோ காட்டாமல் செய்த வேலை. அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் தூக்கி எறியப்பட்ட ஆப்பிரிக்கக் கர்ப்பிணிகளின் பிள்ளைகள் தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடக் கற்றுக்கொண்டு ஒரு தேசம் அமைத்தார்கள் என்று ஒரு புராணத்தையே எழுதி, 1997இல் வந்த ‘தி குவெஸ்ட்’ தொகுப்போடு வைத்தார்கள். இசையும் அப்படித்தான். நேராக நாலு அடி போடும் டெக்னோ தாளத்தை விட்டுவிட்டு, உடைந்து உடைந்து போகும் எலெக்ட்ரோ தாளம். மேலே குமிழி குமிழியாகச் சிந்தசைசர். ‘அந்த்ரேயன் சாண்ட் டியூன்ஸ்’ என்ற பாட்டு 1999இல் வந்த ‘நெப்டியூன்ஸ் லேர்’ ஆல்பத்தில் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மெரினா மணலில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டேன் ஒருமுறை. அலைச் சத்தம் கேட்கட்டும் என்று ஒரு காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். உங்களுக்கு அது வாய்க்காவிட்டாலும் இருட்டில் கேளுங்கள். ஸ்டின்சன் 2002இல் இறந்துவிட்டார்.

சிகாகோவில் ஃபுட்வொர்க் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் “ஒட்டவில்லை” என்று சொன்னதில் இதுவும் ஒன்றாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. எனக்கே முதல் ஆறு மாதம் ஒட்டவில்லை. நிமிடத்துக்கு 160 தாள அடி வேகம், ‘தும்’ என்று அடி போடும் கிக் டிரம் எதிர்பார்த்த இடத்தில் விழாது, ஒரு குரல் துண்டு அறுந்த கேசட் மாதிரி திரும்பத் திரும்ப வரும். பிறகு ஒருநாள் அந்த ஆட்டத்தின் காணொளியைப் பார்த்தேன். வட்டமாகக் கூட்டம், நடுவில் இருவர் மாறி மாறிப் போட்டி. இடுப்புக்கு மேலே பெரிய அசைவு இல்லை, கால் மட்டும் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் பின்னுகிறது. அப்போதுதான் புரிந்தது: பாட்டில் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள், அந்த இடைவெளியை நிரப்புவது ஆடுகிறவனின் கால். தனி ஆவர்த்தனத்தில் தாளம் போடாமல் கேட்டால் தொலைந்துபோவோமே, அதுபோல இதைக் கால் இல்லாமல் கேட்டால் பாதி காணாமல் போய்விடுகிறது. ஆர்பி பூவின் ‘லெகசி’ ஆல்பம் 2013இல் வந்தது, அதில் நுழையுங்கள். அடுத்து ஜேலின். சிகாகோவுக்குப் பக்கத்தில் கேரி என்ற ஊர்க்காரர், எஃகு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே இசை செய்தவர். 2017இல் வந்த ‘பிளாக் ஒரிகாமி’ என் கணக்கில் அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த டிரம் ஆல்பம். பின்னாளில் அவருடைய ஒரு படைப்பு புலிட்சர் இசைப் பரிசுக்கான இறுதிச் சுற்றுவரை போனது. ஆக, இசை வட்டாரத்தில் அவர் கவனிக்கப்படாதவர் இல்லை. உங்கள் செயலிதான் அவரைக் கவனிக்கவில்லை.

தவறு வழியாகப் பிறந்த ஓர் இசையையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் 1980களின் கடைசியில் குராசோ தீவிலிருந்து வந்த டிஜே மோர்ச்சே, நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய ஜமைக்கா டான்ஸ்ஹால் தட்டைக் கைதவறி 45 சுற்றில் ஓடவிட்டார். கூட்டம் நிறுத்தச் சொல்லவில்லை, இன்னும் வேகமாக ஆடியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் பப்ளிங். மோர்ச்சே கைதவறியதாகச் சொல்லும் கதை பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறியிருக்கக்கூடும். வேகம் ஏற்றிய தட்டுகள்தான் அடித்தளம் என்பதில் சந்தேகம் இல்லை, பாட்டைக் கேட்டாலே தெரியும். இந்த மரபில் வந்த டெ ஸ்கூர்மன் இளைஞராக இருந்தபோது செய்தவற்றை 2021இல் ‘பப்ளிங் இன்சைட்’ என்று தொகுத்தார்கள். கல்யாண வீட்டில் போட்டால்கூட எடுபடும் என்று நான் நம்புகிற ஒரே பரிந்துரை இதுதான்.

நான் நம்பி ஏமாந்தது வேறு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக் கோம் இசை எனக்கு உயிர். நாலு அடிக்கு நாலு கிக் என்ற ஹவுஸ் கணக்கை உடைத்துப்போட்டு, இருட்டான ஒரு சிந்தசைசர் முனகலை மட்டும் பின்னால் விட்டு, டிரம்மை முன்னால் தள்ளும் இசை. அங்கே இது வானொலியைவிட மினிபஸ் டாக்சிகளிலும் கைபேசிப் பகிர்தலிலும் பரவியது. டிஜே லாக் செய்த ‘ஐஸ் டிராப்’ 2016இல் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஹோட்டல் மொட்டை மாடியில் இரவு பதினொரு மணிக்கு அதைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் தளம் காலி. மேலாளர் கைபேசியை நீட்டியபடி வந்தார். அதில் ஒரு சினிமாப் பாட்டு தயாராக இருந்தது. குற்றம் பாட்டின் மீது இல்லை, அந்தக் கூட்டத்தின் மீதும் இல்லை. அதற்கு முன் ஒரு மணி நேரமாக நான் போட்டதெல்லாம் சொகுசான ஹவுஸ். காலுக்கு முன்னறிவிப்பே கொடுக்காமல் திடீரென்று தரையைப் பிடுங்கிவிட்டேன். வீட்டில் தனியாகக் கேட்கும்போதும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். செயலியின் பட்டியலில் பெரிய இசைவிழா மேடைகளுக்கான இரண்டு பாட்டுக்கு நடுவே கோம் வந்தால் யாருக்கும் ஒட்டாது. டிஜே லாக்கை மட்டும் தொடர்ந்து இருபது நிமிடம் கேளுங்கள். மூன்றாவது பாட்டில் உடம்பு கணக்கைப் பிடித்துக்கொள்ளும்.

தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து வரும் சிங்கெலி இதைவிடக் கடினமான படி. நிமிடத்துக்கு 200 அடியைத் தாண்டித்தான் தொடங்குகிறது, 300 பக்கமும் போகும். உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து இயங்கும் நியேகே நியேகே லேபிள் 2017இல் ‘சவுண்ட்ஸ் ஆஃப் சிஸ்ஸோ’ என்ற தொகுப்பை வெளியிட்ட பிறகே வெளியுலகத்துக்குத் தெரிந்தது. டிஜே ட்ராவெல்லாவின் ‘மிஸ்டர் மிக்ஸோண்டோ’ 2022இல் வந்தது. ஒரு சூட்சுமம் சொல்கிறேன்: 200 அடியையும் எண்ணாமல், இரண்டுக்கு ஒன்றாக மெதுவாகத் தலையை அசைத்துப் பாருங்கள். வேகம் மேலே பறக்கும், நீங்கள் கீழே நிதானமாக நடப்பீர்கள்.

“புதிதாக” என்று கேட்டீர்கள் அல்லவா? புதிது ஒன்று பழையதைக் காட்டிக்கொடுத்த கதை இது. மயாமியைச் சேர்ந்த நிக் லியோன், வெனிசுவேலாவின் டிஜே பாபாடரோடு சேர்ந்து செய்த ‘எக்ஸ்டாசிஸ்’ 2022இல் கொலம்பியாவின் ட்ராட்ராட்ராக்ஸ் லேபிளில் வந்து கிளப்புகளில் நன்றாக ஓடியது. அதைக் கேட்ட பலருக்கு பாபாடர் யார் என்றே தெரியாது. கராகஸ் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் இளைஞர்கள் ஆடிய ராப்டர் ஹவுஸ் என்ற இசையைப் பல வருடங்களுக்கு முன்பே உருவாக்கியவர் அவர். டெக்னோவின் முரட்டுச் சிந்தசைசரை ஆப்பிரிக்க, கரீபியத் தாளங்களின் மேல் உட்கார வைத்த இசை. ‘எக்ஸ்டாசிஸ்’ பிடித்தால் அங்கே நிற்காதீர்கள், பாபாடரின் பழைய பாட்டுகளுக்குப் போங்கள். அவை இன்னும் கரடுமுரடாக இருக்கும். எனக்கு அவைதான் பிடிக்கும்.

கடைசியாக, நான் அதிகம் திரும்பிப் போகும் ஓர் ஆல்பம். பெர்லினைச் சேர்ந்த சாம் பார்க்கர் டெக்னோவிலிருந்து கிக் டிரம்மை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று 2018இல் ஒரு சிறு வெளியீட்டில் சோதித்துப் பார்த்தார். அடுத்த வருடம் ‘யூட்டிலிட்டி’ என்ற முழு ஆல்பம் வந்தது. ‘பாரடைஸ் என்ஜினியரிங்’ பாட்டைக் கேளுங்கள். கிக் இருக்க வேண்டிய இடத்தில் காற்று மாதிரி ஒன்று உள்ளிழுத்து வெளிவிடுகிறது. மற்ற எல்லா ஒலிகளும் கிக் இருப்பதாக நம்பிக்கொண்டு அதைச் சுற்றி அசைகின்றன. என் கடையில் வேலைக்கு வரும் பையன்களுக்கு இதைப் போட்டுக் காட்டுவதுண்டு. ஒருவன் ஸ்பீக்கர் வலைமேல் உள்ளங்கையை வைத்து, “அண்ணா, கோன் போய்விட்டதா, அடியே விழவில்லையே?” என்று கேட்டான். ஒயரைக்கூடச் சரிபார்த்தான். இரண்டு நிமிடம் கழித்து அவன் கால் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

தமிழில் இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பிரிட்டிஷ் பாடகி மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட ‘கலா’ ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் அந்த உறுமி அதிர்வதைக் கேட்கலாம். அவரைக் கவனிக்கப்படாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆல்பத்திலிருந்து எல்லோரும் கேட்டது வேறொரு பாட்டை. உறுமியின் அடித்தொண்டைக் கரகரப்பு 303இன் வழுக்கலுக்கு உறவுக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. நிரூபிக்கச் சொன்னால் என்னால் ஆகாது, உறுமியின் தோலைக் குச்சியால் தேய்க்கிறவரின் கையைப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றலாம்.

இனி நீங்களாகவே தேடுவதைப் பற்றி. ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமத்தொகை கணக்கிடுவதில்லை. இது அவர்களே அறிவித்த விதி. செயலிகள் சின்னக் கலைஞர்களை வேண்டுமென்றே மறைக்கின்றன என்று பலர் சொல்வதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் கேட்டதைப் போலவே இன்னொன்றைக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை என்பதால், கேட்காதது வராமல் போவதில் ஆச்சரியமும் இல்லை. நான் கலைஞர் பெயரைவிட லேபிள் பெயரைப் பின்தொடர்கிறேன். ஒரு பாட்டு பிடித்தால் அதை வெளியிட்ட லேபிளின் பேண்ட்கேம்ப் பக்கத்துக்கு, அதாவது கலைஞர்களும் லேபிள்களும் பாட்டை நேரடியாக விற்கும் தளத்துக்குப் போய், கீழிருந்து மேலாக, பழையதிலிருந்து புதியதுக்குக் கேட்டு வருவேன். பிறகு அதே பாட்டை வாங்கியவர்கள் வேறு என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அவர்கள் முகம் தெரியாத, ருசி தெரிந்த ஆட்கள். மாதத்துக்கு ஒரு பாட்டாவது காசு கொடுத்து வாங்குங்கள். காசு கொடுத்ததை நாம் இன்னும் இரண்டு முறை கூடுதலாகக் கேட்கிறோம், அந்த இரண்டாவது முறையில்தான் பல பாட்டுகள் எனக்கு ஒட்டியிருக்கின்றன.

எதிலிருந்து தொடங்குவது என்று குழம்பினால், இந்த வாரம் சரண்ஜித் சிங்கையும் டெ ஸ்கூர்மனையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ட்ரெக்ஸியா, பார்க்கர். ஃபுட்வொர்க்கையும் கோமையும் அவற்றின் ஆட்டக் காணொளி ஒன்றைப் பார்த்த பிறகே தொடுங்கள். சிங்கெலியைக் கடைசிக்கு வையுங்கள். அகமதாபாத் நாடாக்களை வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் போடுவது நல்லது. என் அம்மா மிக்ஸி பழுதாகிவிட்டது என்று நினைத்து எழுந்து வந்துவிட்டார்.